ஆறு பேருக்கான படகு

ஆறு பேர் ஏறலாம் என்று போட்டிருந்தது.
ஆறு பேருக்கும் நானே பணம் கட்டினேன்,
மற்ற ஐவர் வராமலிருப்பதற்காக.

நான்கு வருடமாய் அந்த நீச்சலுடை
குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில்
விலைச்சீட்டோடு கிடந்தது.
யாருமில்லாத ஒரு மதியம்
போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.
வாசலில் தபால்பெட்டி சத்தம்.
மேலே நைட்டியை மாட்டியவள்
இருட்டிய பிறகுதான் இரண்டையும் கழற்றினேன்.

ஜெரால்டனில் நான் இரத்தம் எடுப்பவள்.
கையை நீட்டுங்கள் என்பேன், நீட்டுவார்கள்.
சுரங்கத்துக்காரனின் பச்சை குத்திய தோள்,
மிசஸ் ஹாலோவேயின் காகிதத் தோல்,
எல்லாம் பார்த்தாயிற்று.
என் முழங்காலை வெயில் கடைசியாகப் பார்த்தது
எப்போது என்று மட்டும்
கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் 'பயிற்சி' என்று சொல்லிவிட்டு
எட்டு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறேன்.
சிவப்பு மண், முள்புல், செத்த கங்காரு,
மறுபடி சிவப்பு மண்,
பிறகு, யாரோ கைதவறிக் கொட்டிவிட்ட நீலமாய்
கோரல் பே.

படகுக்காரி பெயர் மார்னி. காதில் பென்சில்.
பூங்கோதை என்பது அவள் வாயில் பூன்கோ ஆகி
பவளத்திட்டை எட்டுவதற்குள் வெறும் பூ ஆனது.
இரண்டு ஈரச்சட்டைகள் வைத்திருந்தாள்.
இரண்டுமே முதுகில் ஒரு சாண் மிச்சம் வைத்து
நின்றுகொண்டன.
விடு பூ, தண்ணீர் இதமாகத்தான் இருக்கிறது என்று
அவற்றைக் கம்பியில் எறிந்தாள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். மைனஸ் ஆறு.
மார்னி ஒரு மஞ்சள் கறையானாள்.
பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமாம்.
அந்தப் பூனையை எனக்குத் தெரியும்.
முட்டாள் இல்லை அது, கூச்ச சுபாவம்.
துண்டை இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினேன்.

அவள் தந்த முகமூடியில் பவர் இருந்தது.
யாரோ ஜெர்மன்காரர் மறந்துவிட்டுப் போனதாம்.

முகத்தை நீருக்குள் வைத்தேன்.
ஊரே கூடியிருந்தது.

மஞ்சள் கோடு போட்டது, நீலக் கோடு போட்டது,
கோடே இல்லாதது,
கல்லென்று நினைத்து நான் தொடப்போனது.
எல்லாம் பார்த்தன. ஒன்றும் இமைக்கவில்லை.
கயல்விழி, கயல்விழி என்று எழுதித் தள்ளியவர்கள்
ஒரு மீனோடாவது நேருக்கு நேர் நின்றிருப்பார்களா?
நாணமில்லை அதில், மருட்சியில்லை.
ரேஷன் வரிசையில் பின்னால் நிற்பவரின் பார்வை:
ஆச்சா, நகர்கிறாயா?
இமையார் என்றால் தேவர்
என்று பத்தாம் வகுப்பில் படித்தது.
ஆக, தேவர்களுக்கும்
என் தொடை ஒரு பொருட்டில்லை.

நறநறவென்று ஒரு சத்தம்,
தூக்கத்தில் குழந்தை பல்லைக் கடிப்பது போல.
கிளிமீன் பவளத்தைத் தின்கிறது.
தின்றபடியே பின்னால்
வெள்ளைப் புகையாய் எதையோ விடுகிறது.

கரையில், முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தபடி
மார்னி சொன்னாள்:
இந்த மணலில் எக்கச்சக்கம் அதுதான். கிளிமீன் பீ.
இவ்வளவு வெள்ளையாக. இவ்வளவு மெத்தென்று.
இத்தனை டாலர் கொடுத்து
நான் இதற்குமுன் பீயில் உட்கார்ந்ததில்லை.
சிரித்துச் சிரித்து முட்டை புரையேறியது.

அப்புறம் ஒரு படகு வந்தது. குழந்தைகள், ஐஸ்பெட்டி, பாட்டு.
என் கை தானாகத் துண்டைத் தேடிப் போனது.
துண்டு மார்னியின் தலைக்கடியில்.
மார்னி குறட்டையில்.
கண்ணாடியோ படகில்.

மங்கலாக ஒரு பையன் ஓடிவந்து நின்றான்.
உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான்.
நிறையப் பேர், என்றேன்.
உன்னையே பார்ப்பார்கள். ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.
அவனுக்கு அது போதவில்லை. சுறா உண்டா என்றான்.
தெரியாது என்றேன். போய்விட்டான்.
நான் எழுந்திருக்கவில்லை.

திரும்புகையில் கார்னார்வனில் சிக்னல் கிடைத்தது.
பயிற்சி எப்படி என்றார்.
உட்கார்ந்தால் உறுத்துகிறது என்றேன்.
நாற்காலி சரியில்லையா?

நாற்காலியெல்லாம் இல்லை, என்றேன்.
வந்து சொல்கிறேன்.